அமெரிக்காவுல சார்லட்ஸ்வில்ன்ற ஊர்ல குதிரை மேல இருந்த ஜெனரல் லீ சிலைய எடுத்து உருக்கினது வரலாற்ற அழிக்கிற வேலையா?

இல்லங்க. அத அங்க வச்சப்போதான் வரலாற்ற மறைச்சாங்கன்னு சொல்லுவேன்.

எனக்கு நகரி, ஆந்திரா பார்டர். வீட்ல தமிழ், ஸ்கூல்ல தெலுங்கு. சின்ன வயசுல மெட்ராஸ் போறப்பலாம் தீவுத்திடல் பக்கம், வெள்ளக்காரன் காலத்துல மெட்ராஸ் கவர்னரா இருந்த மன்றோ சிலைய பஸ்லேர்ந்து பாப்பேன், அங்கவடியே இல்லாத குதிரை. எங்க ஆயா அதப் பாத்து கன்னத்துல போட்டுக்கும். வெள்ளக்காரனுக்கு எதுக்கு ஆயான்னா, திருமலையில பெருமாளுக்கு பொங்கல் படைக்க கங்காளம் குடுத்தவருடா, நம்ம சீமையில சுத்திட்டே இருந்து பத்திகொண்டாவுல காலராவுல போய்ட்டாருன்னு சொல்லும் (அது 1827ல).

அதே மவுண்ட் ரோட்லதான் நீல் சிலையும் இருந்துச்சு. 1857 சிப்பாய் கலகத்தப்போ அலகாபாத் பக்கம் ஜனங்கள கொத்துக் கொத்தா தூக்குல போட்ட வெள்ளக்கார ராணுவ அதிகாரி. அத எடுக்கச் சொல்லி 1927ல சத்தியாகிரகம் பண்ணி ஜெயிலுக்கே போனாங்க, 1937ல ராஜாஜி ஆட்சி வந்தப்புறம்தான் மியூசியத்துக்குப் போச்சு. அதனால 1857 யாருக்காவது மறந்துபோச்சா?

லீ கதைய பாருங்க. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ல முடிஞ்சுது, சிலை தொறந்தது 1924ல. 59 வருஷம் கழிச்சு, கறுப்பின மக்களோட ஓட்டப் பிடுங்கி, ஸ்கூலு ரயிலுன்னு எல்லாத்தையும் தனித்தனியா பிரிச்சு வச்சிருந்த காலத்துல, அடிமை முறைய காப்பாத்த நின்ன படையோட தளபதிய ஊர் நடுவுல குதிரை மேல ஏத்தி வச்சா அது யாருக்கு சொன்ன சேதி? அந்த லீயே 1869ல, போர்ப் புண்ணக் கிளற வேணாம்னு நினைவுச்சின்னத்துக்கு எதிரா எழுதினவரு.

2016ல ஸைஹானா பிரையன்ட்னு ஒரு ஸ்கூல் பொண்ணு மனு போட்டுச்சு. 2017 பிப்ரவரியில கவுன்சில்ல 3க்கு 2 ஓட்டுல எடுக்கலாம்னு முடிவு பண்ணாங்க, உடனே கேஸு, ஆகஸ்ட்ல வெள்ளை இனவெறிக் கூட்டம் ஊருக்குள்ள வந்து, அதுல ஒருத்தன் எதிர்த்து நின்னவங்க மேல கார ஏத்தி ஹெதர் ஹையர்ன்ற 32 வயசுப் பொண்ணு செத்துப்போச்சு. 2021 ஜூலை 10தான் சிலைய இறக்க முடிஞ்சுது.

2023ல உருக்கினதுல மட்டும் எனக்கு முதல்ல மனசு ஒப்பல, நீல் மாதிரி மியூசியத்துல போட்டிருக்கலாமேன்னு தோணுச்சு. ஆனா அந்த ஊர் கறுப்பின மக்களோட பண்பாட்டு மையம்தான் கேட்டு வாங்கி உருக்குச்சு, அந்த வெண்கலத்துலயே ஊருக்குப் புதுசா ஒரு கலைப்படைப்பு செய்யணும்னு. கிட்டத்தட்ட நூறு வருஷம் அந்தக் குதிரைக்கடியில நடந்தவங்க அவங்க, அத என்ன பண்றதுன்னு நகரியிலேர்ந்து நான் என்னத்த சொல்ல.