ஓடிபி கேட்காத நாடுகளும் நம் ஊர்ச் செக்கும்

"அமெரிக்காவில் கார்டைக் கொடுத்தால் ஓடிபியோ பின் நம்பரோ கேட்காமலேயே பணத்தை எடுத்துக்கொள்கிறார்களாமே, அது எப்படிப் பாதுகாப்பாகும்?" என்பது உங்கள் கேள்வி. திருப்பூரில் பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் மெர்ச்சண்டைசராக இருப்பதால், பையர்களைச் சந்திக்க அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும் சில முறை சென்று வந்திருக்கிறேன். அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

நியூயார்க்கில் முதன்முறையாக ஓர் உணவகத்தில் சாப்பிட்டபோது, பரிமாறியவர் என் கிரெடிட் கார்டை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார். திரும்பி வந்து நீட்டிய ரசீதில் டிப்ஸ் தொகையை நானே எழுதிக் கையெழுத்திட்டேன். அந்தத் தொகையும் சேர்ந்துதான் பிறகு கணக்கில் ஏறியது. கார்டு கண்மறைவாகப் போன அந்த ஐந்து நிமிடமும் எனக்குச் சோறு இறங்கவில்லை. அங்குள்ளவர்கள் பதறாததற்குக் காரணம் உண்டு. கிரெடிட் கார்டை வேறொருவர் திருட்டுத்தனமாகப் பயன்படுத்தினால், அந்நாட்டுச் சட்டப்படி உரிமையாளரின் பொறுப்பு 50 டாலரைத் தாண்டாது. மாதப் பட்டியலைப் பார்த்து "இது என்னுடையதல்ல" என்று தெரிவித்தால், விசாரிக்கும் வேலை வங்கியைச் சேர்ந்தது.

நம் நாட்டில் ரிசர்வ் வங்கி இதற்கு நேர்மாறான வழியைத் தேர்ந்தெடுத்தது. இணையத்தில் கார்டைப் பயன்படுத்த இரண்டாவது சரிபார்ப்பு வேண்டும் என்ற விதி 2009-இலேயே வந்துவிட்டது; கடைகளில் டெபிட் கார்டுக்குப் பின் நம்பர் கட்டாயமானது 2013 டிசம்பரில். பணம் போவதற்கு முன்பே பூட்டுப் போடுவது நம் முறை. ஆனால் ஓடிபியை நாமே ஏமாந்து சொல்லிவிட்டால், வங்கிக்குத் தகவல் கொடுக்கும் வரையிலான இழப்பு நம்முடையது. யுபிஐயில் தவறான எண்ணுக்கு அனுப்பிய பணமும், பெற்றவர் மனம் வைக்காவிட்டால், எளிதில் திரும்புவதில்லை. ஆகவே எது பாதுகாப்பானது என்பதை ஓடிபி வருகிறதா என்பதை மட்டும் வைத்து முடிவு செய்ய இயலாது. கெட்டுப்போனால் நட்டம் யார் தலையில் விழும் என்பதையும் பார்க்க வேண்டும்.

ஐரோப்பாவில் 2019-க்குப் பிறகு இணையக் கொள்முதலுக்கு நம்மைப் போன்றே இரட்டைச் சரிபார்ப்பு வந்துவிட்டது. இருந்தும் ஜெர்மனியில் வசிக்கும் என் மாமன் மகன் மின்கட்டணத்துக்காகத் தன் 22 இலக்க வங்கிக் கணக்கு எண்ணை எழுதிக் கொடுத்து, "மாதாமாதம் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள்" என்று கையெழுத்திட்டதைக் கேட்டு நான் திகைத்தேன். அவ்வாறு எடுக்கப்பட்ட பணத்தை எட்டு வாரத்துக்குள், காரணமே சொல்லாமல், திரும்பப் பெறலாம் என்று அவர் விளக்கிய பிறகுதான் விளங்கியது. அதே நாட்டில் ஒரு ரொட்டிக் கடையில் என் இந்தியக் கார்டு செல்லவில்லை. அவர்களுடைய உள்நாட்டு ஜிரோகார்டு இல்லாவிட்டால் ரொக்கம்தான் என்றார்கள். பொள்ளாச்சிச் சாலையோர இளநீர்க் கடையிலேயே ஸ்கேன் செய்து பழகிய எனக்கு அது சற்று வேடிக்கையாக இருந்தது.

ஜெர்மனியில் செக் ஏறக்குறைய வழக்கொழிந்துவிட்டது. அமெரிக்காவில் இன்றும் வீட்டு வாடகைக்குச் செக் எழுதுவோர் உண்டு. நம் பக்கத்திலோ செக் வேறொரு வேலையைச் செய்கிறது. சம்பளமும் காய்கறியும் யுபிஐக்கு மாறிய பிறகும், நூல் கடனுக்கு வாங்குபவரிடம் பின்தேதியிட்ட செக் கேட்பது நின்றபாடில்லை. செக் பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-ஆம் பிரிவின்கீழ் குற்ற வழக்குப் போட முடியும் என்பதால், அது பணம் செலுத்தும் கருவி என்பதைவிடப் பிணை என்றே எங்கள் அப்பா போன்ற பழைய ஆட்கள் கருதுகிறார்கள். அந்தத் தேதி வந்தும் பார்ட்டி "ஒரு வாரம் பொறுத்துப் போடுங்க" என்றால், செக் மேசை இழுப்பறையிலேயே கிடக்கும். மூன்று மாதம் கடந்தால் செல்லாது என்பதை மறந்து தவிப்பவர்களும் உண்டு.

நீங்கள் பயணம் போகவிருந்தால் ஒன்று செய்யுங்கள். இப்போது தரப்படும் கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடியே இருக்கும். கிளம்புமுன் வங்கிச் செயலியில் அதைத் திறந்து, வரம்பைத் தேவையான அளவுக்கு மட்டும் வைத்து, ஊர் திரும்பியதும் மூடிவிடுங்கள். ஜெர்மனி என்றால் சட்டைப் பையில் கொஞ்சம் யூரோ நோட்டும் இருக்கட்டும்.