யாருமே முதலிடம் கொடுக்காத படம் எப்படி முதலிடம் பிடித்தது?

கேள்வி: கல்லூரியில் ஒன்றாகப் படித்த ஏழு பேர் நாங்கள். இப்போது கோவை, சென்னை, துபாய் என்று ஆளுக்கொரு பக்கம். வருஷா வருஷம் பொங்கலுக்கு முன்னால், போன வருஷப் படங்களில் பிடித்த பத்தை வரிசைப்படுத்தி வாட்ஸ்அப் குழுவில் போடுவோம். முதலிடத்துக்கு 10 மதிப்பெண், பத்தாமிடத்துக்கு 1. ஒரு நண்பன் எக்செல்லில் கூட்டி முடிவு சொல்வான். இந்த முறை மூன்று பேர் முதலிடம் கொடுத்த மாஸ் படம் மூன்றாவதாகப் போய்விட்டது. ஒருவர்கூட முதலிடம் கொடுக்காத கிராமத்துப் படம் முதலாவது. நானும் இன்னொருவனும் மட்டும் பார்த்து, இருவருமே முதலிடம் கொடுத்த மலையாளப் படம் கீழே எங்கோ கிடக்கிறது. எக்செல் நண்பன் கைவரிசை காட்டிவிட்டான் என்று பெரிய சண்டை. ஏழு பட்டியல்களையும் இணைத்திருக்கிறேன். இது மோசடியா? அடுத்த வருஷம் எப்படிக் கணக்குப் போடுவது?
வாசகர், கோவை

பதில்: மோசடி இல்லை. முதலில் அந்த எக்செல் நண்பனிடம் மன்னிப்புக் கேளுங்கள். ஏழு பட்டியல்களையும் கையாலேயே கூட்டிப் பார்த்தேன். ஒருவர் பத்துப் படங்களுக்குக் கொடுக்கும் மதிப்பெண் 55. ஏழு பேருக்கு 385. அவன் அட்டவணையில் எல்லாப் படங்களின் மதிப்பெண்ணும் சேர்ந்து சரியாக 385 வருகிறது. இனிமேல் யார் மேலாவது சந்தேகம் வந்தால் சண்டைக்கு முன்னால் இந்த ஒரு கூட்டலைப் போட்டுப் பாருங்கள்.

கிராமத்துப் படத்தை ஐந்து பேர் இரண்டாவதாகவும் இரண்டு பேர் மூன்றாவதாகவும் வைத்திருக்கிறீர்கள். 45ம் 16ம் 61. இரண்டாவதாக வந்த குடும்பப் படத்துக்கு இரண்டு முதலிடம், இரண்டு நான்காமிடம், மூன்று ஐந்தாமிடம். அது 52. மாஸ் படத்துக்கு மூன்று முதலிடம், ஒரு ஒன்பதாமிடம், மீதி மூன்று பேர் பட்டியலில் அது இல்லவே இல்லை. 32. மலையாளப் படத்துக்கு இரண்டு முதலிடம் மட்டும், 20. உங்கள் கணக்கு முறை, பலரும் ஓரளவு விரும்பிய படத்தை மேலே தூக்கும். சிலர் உயிரை விடும் படத்தைக் கீழே இறக்கும். அதன் சுபாவமே அது.

இதே ஏழு பட்டியல்களை வேறு முறைகளில் எண்ணினால் என்ன ஆகும் என்று பாருங்கள். முதலிடங்களை மட்டும் எண்ணினால், நம் சட்டமன்றத் தேர்தல் மாதிரி, மூன்று ஓட்டோடு மாஸ் படம் ஜெயிக்கும். சிறந்த படத்துக்கான ஆஸ்கரில் கடைசிப் படத்தை நீக்கி நீக்கி எண்ணுகிறார்கள். அப்படிச் செய்தால் முதலிடமே வாங்காத கிராமத்துப் படம் முதல் சுற்றிலேயே வெளியே. மிஞ்சுவது மாஸ் மூன்று, குடும்பம் இரண்டு, மலையாளம் இரண்டு. சமநிலையில் மொத்த மதிப்பெண் குறைவான மலையாளப் படத்தை நீக்கினால், உங்கள் இருவரின் ஓட்டும் உங்கள் பட்டியலில் அடுத்து மிஞ்சியிருக்கும் குடும்பப் படத்துக்குப் போகும். நான்குக்கு மூன்று என்று குடும்பப் படம் ஜெயித்துவிடும். ஆக ஒரே பட்டியல்கள், மூன்று முறைகள், மூன்று வெற்றியாளர்கள். எந்த முறை என்பதை ஓட்டுப் போடும் முன்பே பேசி வைத்திருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு முறையைப் பற்றிப் பேசுகிறவர் தனக்குப் பிடித்த படத்துக்காகத்தான் பேசுவார்.

இந்த நீக்கி எண்ணும் முறை ஏதோ ஹாலிவுட் சமாசாரம் என்று நினைக்க வேண்டாம். நம் குடியரசுத் தலைவர் தேர்தல் இப்படித்தான் நடக்கிறது. 1969இல் முதல் சுற்றில் யாருக்கும் பாதி கிடைக்காமல், இரண்டாம் விருப்ப ஓட்டுகளை எண்ணித்தான் வி.வி. கிரி வென்றார். ஆனால் ஏழு பேருக்கு இது சரிப்படாது. சுற்றுக்குச் சுற்று சமநிலை வரும், ஒவ்வொரு சமநிலைக்கும் ஒரு சண்டை வரும்.

சரி, வரிசையே வேண்டாம், ஆளுக்குப் பத்துப் பெயர், பெயருக்கு ஒரு ஓட்டு என்று வைக்கலாமே என்று கேட்பீர்கள். பிரிட்டனின் சைட் அண்ட் சவுண்ட் இதழ் 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை நடத்தும் கருத்துக்கணிப்பு அப்படித்தான். 2022இல் 1,639 பேர் கலந்துகொண்டார்கள். அத்தனை பேர் இருந்தால் ஓட்டுகள் தாமாகவே பிரிந்துவிடும். உங்கள் ஏழு பேரில் கிராமத்துப் படத்துக்கும் ஏழு ஓட்டு, குடும்பப் படத்துக்கும் ஏழு ஓட்டு. முடிந்தது கதை.

ஆகவே மதிப்பெண் முறையையே வைத்துக்கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கடற்படையில் இருந்த போர்டா என்பவர் முன்வைத்த முறை இது. தந்திரமாக ஓட்டுப் போட்டால் முறை கெட்டுவிடுமே என்று கேட்டவர்களிடம், இது நேர்மையானவர்களுக்கான முறை என்று அவர் பதில் சொன்னதாகச் சொல்வார்கள். அந்தப் பதிலில்தான் ஓட்டை இருக்கிறது. அடுத்த வருஷம் உங்கள் மூன்று மாஸ் ரசிகர்களும் உஷாராகிவிடுவார்கள். இந்த வருஷப் பட்டியலிலேயே அவர்கள் இரண்டாவதாக வைத்த கிராமத்துப் படத்தை வேண்டுமென்றே விட்டிருந்தால், 61இல் 27 போய் 34தான் மிஞ்சியிருக்கும். அவர்கள் படம் அப்போதும் ஜெயித்திருக்காது, குடும்பப் படம் ஜெயித்திருக்கும் என்பது வேறு விஷயம். தடுக்க ஒரே வழி: பட்டியலைக் குழுவில் போடாதீர்கள். ஒருவர் போட்டதைப் பார்த்துத்தான் அடுத்தவர் தந்திரம் செய்வார். ஒரு தேதி குறித்து, ஏழு பேரும் ஒருவருடைய தனி எண்ணுக்கு அனுப்புங்கள். எல்லாம் வந்து சேர்ந்த பிறகு ஏழையும் அப்படியே குழுவில் வெளியிடச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பின் ஓட்டெடுப்பு வசதி இதற்கு உதவாது. யார் எதற்குப் போட்டார் என்பது உடனுக்குடன் தெரியும், எப்போது வேண்டுமானாலும் மாற்றிப் போடலாம். போதாததற்கு, பல பதில்களுக்கான அனுமதியை நீங்கள் அணைத்து வைக்காவிட்டால் ஒருவரே எல்லாவற்றுக்கும் டிக் அடிக்கலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கை. "உங்கள் நண்பர்கள் டாப் 10ஐ நாங்களே அழகாகத் தயாரித்துத் தருகிறோம்" என்று வரும் இணைப்புகளைத் தொடாதீர்கள். ஏழு பட்டியலைக் கூட்ட ஒரு காகிதம் போதும். அதற்கு ஏன் உங்கள் தொலைபேசி எண்ணும், தொடர்புப் பட்டியலைப் பார்க்கும் அனுமதியும்? அதேபோல, "நடுநிலையாக இருக்கட்டும்" என்று உங்கள் பட்டியலைப் பொது இணைப்பாக்கி வெளியாட்களையும் ஓட்டுப் போட விடாதீர்கள். நான் உதவி செய்யும் திரைப்படச் சங்கம் ஒன்றில் ஒரு வருஷம் அப்படிச் செய்தார்கள். இணைப்பு எப்படியோ ஒரு ரசிகர் மன்றக் குழுவுக்குப் போய், விடிவதற்குள் உறுப்பினர் எண்ணிக்கையைவிட ஓட்டு அதிகமாகிவிட்டது. முழுவதையும் குப்பையில் போட்டோம்.

இன்னொரு ரகம் இருக்கிறது. டிசம்பர் வந்தால் 'இந்த ஆண்டின் சிறந்த படங்கள்' என்று கொட்டும் பதிவுகள். எழுதுகிறவர்களில் உண்மையான ரசிகர்களும் உண்டு, காசு வாங்கிக்கொண்டு எழுதுகிறவர்களும் உண்டு, இடையில் தரகர்களும் உண்டு. நீல டிக்கைப் பார்த்து ஏமாறாதீர்கள். மாதச் சந்தா கட்டினால் யாருக்கும் அது கிடைக்கிறது. ஓடிடியில் 'நம்பர் 1' என்று மின்னுவதும் பிடித்தமானது என்று அர்த்தமாகாது. நெட்ஃபிளிக்ஸ் தன் டாப் 10க்கு, மொத்தம் பார்க்கப்பட்ட மணி நேரத்தைப் படத்தின் நீளத்தால் வகுத்துக் கணக்கிடுகிறது. பாதியில் தூங்கிப்போனவரின் ஒரு மணி நேரமும் அதில் சேர்த்திதான். உங்கள் பட்டியலை எழுதும்போது இவற்றில் எதையும் திறந்து வைத்துக்கொள்ளாதீர்கள். நினைவில் இல்லாத படம் பட்டியலில் வேண்டாம்.

எந்தப் படம் எந்த வருஷக் கணக்கு என்ற தகராறும் உங்களுக்கு வரும். தமிழகத்தில் திரையரங்கிலோ ஓடிடியிலோ முதலில் வந்த தேதி, அவ்வளவுதான். விருதுகளை உதாரணம் காட்டுகிறவரை நம்ப வேண்டாம். தேசிய விருதில் தணிக்கைச் சான்றிதழ் வாங்கிய வருஷம்தான் கணக்கு. அதனால்தான் 2024 ஜனவரியில் திரையரங்குக்கு வந்த 'ஆட்டம்' என்ற மலையாளப் படம், 2022ஆம் ஆண்டின் சிறந்த படமாக 2024 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்டது. நம் மாநில அரசு விருது கதை இன்னும் விசேஷம். 2009 முதல் 2014 வரையிலான படங்களுக்கு 2017இல் அறிவித்தார்கள், 2022இல் மேடையில் கொடுத்தார்கள். ஆறு வருஷப் படங்களை ஒரே மூட்டையாகக் கட்டி, அதையும் இத்தனை வருஷம் கழித்துக் கொடுப்பவர்களிடம் ஆண்டு வரிசை பற்றி என்ன கற்றுக்கொள்ள முடியும்? பொங்கலுக்குள் முடிவு சொல்லிவிடும் உங்கள் நண்பன் எவ்வளவோ மேல்.

இனி உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. மலையாளப் படத்தை இரண்டு பேர்தான் பார்த்தீர்கள். மற்ற ஐந்து பேர் அதற்குக் கொடுத்தது பூஜ்யம். அவர்கள் அதை வெறுக்கவில்லை, பார்க்கவே இல்லை. ஆனால் எக்செல்லுக்கு இரண்டும் ஒன்றுதான். வெறுத்தாலும் 0, பார்க்காவிட்டாலும் 0.

அப்படியானால் பார்த்தவர்களின் சராசரி எடுக்கலாமே என்று தோன்றும். எடுத்தால் மலையாளப் படத்துக்கு 10, கிராமத்துப் படத்துக்கு 8.7. உங்கள் படம் ஜெயித்துவிடும். ஆனால் அடுத்த வருஷம் ஒருவர் எங்கோ திரைப்பட விழாவில் தனியாகப் பார்த்த படத்துக்கு முதலிடம் கொடுத்தால் அதற்கும் சராசரி 10தான். ஒரே ஒருவரின் ரசனை ஏழு பேரின் முதலிடமாகிவிடும். கூட்டுத்தொகை சின்னப் படத்தை நசுக்கும், சராசரி தலையில் தூக்கி வைத்து ஆடும்.

எனவே இப்படிச் செய்யுங்கள். டிசம்பர் நடுவில், ஏழு பேரும் பார்த்த எல்லாப் படங்களின் பெயரையும் ஒரே பட்டியலாக்குங்கள். ஒவ்வொருவரும் பார்த்தது, பார்க்காதது என்று மட்டும் குறிக்கட்டும். நான்கு பேராவது பார்த்த படம்தான் பொது வரிசைக்குப் போகும். மூன்று பேரோ அதற்கும் குறைவானவர்களோ பார்த்த படங்கள் 'இன்னும் பார்க்க வேண்டியவை' என்று தனியே நிற்கட்டும். மிஞ்சிய இரண்டு வாரத்தில் அவற்றைப் பார்க்க மற்றவர்களுக்கு வாய்ப்பு. கடைசியில் சந்தேகம் வரும் இரண்டு படங்களை நேருக்கு நேர் வையுங்கள். இரண்டையும் பார்த்தவர்களில் எத்தனை பேர் எதை மேலே வைத்தார்கள்? எண்ணுங்கள். பத்து விரல் போதும்.

படம் பார்க்காததற்கு உங்கள் நண்பர்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். சின்னப் படம் வெள்ளிக்கிழமை ஒரே ஒரு காலைக் காட்சியோடு வருகிறது. வேலைக்குப் போகிறவன் ஞாயிறு மாலை டிக்கெட் தேடினால் அந்தத் திரையில் பெரிய படத்தின் ஐந்தாவது காட்சி ஓடுகிறது. செவ்வாய்க்கிழமை போஸ்டரும் கிழிந்துவிடும். பிறகு 'மக்கள் ஆதரவு இல்லை' என்று அறிக்கை வேறு. கதவைப் பூட்டிவிட்டு விருந்தாளி வரவில்லை என்று சொல்வது போல.

இப்போது அந்த நேருக்கு நேர் கணக்கை உங்கள் சண்டைக்கே போட்டுப் பார்த்தேன். மாஸ் படம் மூன்று பேர் பட்டியலில் இல்லை அல்லவா? அவர்கள் அதைப் பார்த்துவிட்டுப் பிடிக்காமல் விட்டார்களா, பார்க்கவே இல்லையா? உங்கள் பட்டியல்களில் அதற்குப் பதில் இல்லை. பார்த்துவிட்டு விட்டார்கள் என்றால், நான்குக்கு மூன்று என்று கிராமத்துப் படம் மாஸ் படத்தை நேரடியாகவே ஜெயிக்கிறது. பார்க்கவே இல்லை என்றால், இரண்டையும் பார்த்தவர்கள் நான்கே பேர். அவர்களில் மூன்று பேருக்கு மாஸ் படம்தான் மேல். அப்போது உங்கள் மாஸ் நண்பர்கள் கோபப்பட்டதில் நியாயம் உண்டு. எக்செல் நண்பன்மேல் கோபப்பட்டதில்தான் இல்லை.

அந்த மூன்று பேருக்கும் இன்றே அனுப்பிக் கேளுங்கள். 'பார்த்தோம்' என்றால் முடிவு அப்படியே நிற்கட்டும். 'பார்க்கவில்லை' என்றால் இந்த வருஷ முதலிடத்தை நிலுவையில் வைத்து, அந்தப் படம் எந்த ஓடிடியில் இருக்கிறது என்று சொல்லி ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். அதே ஒரு வாரத்தில் உங்கள் மலையாளப் படத்தையும் மற்ற ஐந்து பேர் பார்த்துவிடலாம்.