ஐந்தாவது ஈசிஜி எடுக்கலாமா? நோய்ப்பயம் பற்றிச் சில கேள்விகள்

உவர்மலையிலிருந்து ஒரு தம்பி: அக்கா, மூன்று மாதத்தில் நாலு ஈசிஜி எடுத்துவிட்டேன். எல்லாம் நல்லம் என்கிறார்கள். இரவில் படுத்தால் திரும்பவும் படபடப்பு. இன்னொன்று எடுக்கட்டுமா?

வேண்டாம் தம்பி. ஐந்தாவது நல்லதாக வந்தாலும் இரண்டு நாள்தான் நிம்மதி, அப்புறம் "கவனிக்காமல் விட்டிருப்பார்களோ" என்று மனம் தொடங்கிவிடும். பயந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் வேகமாக அடிக்கும், அந்த அடியை நீங்கள் காது கொடுத்துக் கேட்கக் கேட்கப் பயம் இன்னும் கூடும். படபடப்பு பொய்யில்லை, அதற்குக் காரணம்தான் இதயநோய் இல்லை. மனநலப் பிரிவில் தாதியாக இருந்தபோது, நாடி பிடித்துப் பார்க்கும் ஒவ்வொரு தடவைக்கும் கொப்பியில் ஒரு கோடு போடச் சொல்லி ஒரு பிள்ளையை அனுப்பினேன். அடுத்த கிழமை பக்கம் நிறையக் கோடுகளோடு வந்தாள், கழுத்தில் விரல் அமுக்கிய இடம் சிவந்து கிடந்தது. நீங்களும் போட்டுப் பாருங்கள். பிறகு, பிடிக்க வேண்டும் போல வந்தால் 10 நிமிடம் தள்ளிப் போடுங்கள், அடுத்த கிழமை 20. ஆனால் நெஞ்சை அமத்துகிற வலி, கைக்கோ தாடைக்கோ பரவுதல், குளிர்ந்த வியர்வை என்று வந்தால் யோசிக்காமல் 1990 அம்புலன்சைக் கூப்பிடுங்கள்.

நிலாவெளியிலிருந்து ஒரு தங்கச்சி: இவர் தினமும் கழுத்தைக் காட்டி "இது கான்சர் இல்லைத்தானே" என்று கேட்கிறார். சொல்லிச் சொல்லிக் களைத்துவிட்டேன்.

இதுவரை டொக்டரிடம் காட்டவில்லையென்றால் முதலில் ஒரு தடவை காட்டுங்கள். ஒன்றுமில்லை என்று அவர் சொன்னபிறகு நீங்கள் தினமும் திருப்பிச் சொல்லக் கூடாது, அந்த ஆறுதலே அவருக்கு ஒரு பழக்கமாகிவிடுகிறது. பகலில் அவர் தெளிவாக இருக்கும்போது இருவரும் பேசி வையுங்கள்: இரவில் கேட்டால் "இது பயம் கேட்கிற கேள்வி, நான் பக்கத்தில்தான் இருக்கிறேன்" என்று மட்டும் சொல்வேன் என்று. முதல் சில நாள் கோபிப்பார், பொறுத்துக்கொள்ளுங்கள். அமுக்கி அமுக்கிப் பார்த்தால் கழுத்து நெறி நோகத்தான் செய்யும், அதையும் சொல்லுங்கள்.

கோணேசருக்கு நேர்த்தி வைக்கலாமா?

தாராளமாக. ஒவ்வொரு வலிக்கும் ஒரு நேர்த்தி என்று வந்தால் மட்டும் அதுவும் இன்னொரு ஈசிஜிதான்.

மாத்திரை பழகிவிடுமா?

இந்தப் பயத்துக்கு வழக்கமாகக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ என்ற மனப்பதட்ட, மனச்சோர்வு மருந்து வகை, நித்திரைக் குளிசை போல அடிமைப்படுத்தாது. பலன் தெரியச் சில கிழமைகள் பிடிக்கும், சுகமென்று திடீரென நிறுத்தவும் கூடாது. சிலருக்கு மருந்தில்லாமல் சிபிடி என்ற பேச்சுச் சிகிச்சையே போதும். அரசாங்க ஆஸ்பத்திரி மனநல கிளினிக்கில் காசில்லை. போக வெட்கமாக இருந்தால் முதலில் 1926 என்ற மனநல உதவி இலக்கத்துக்கு எடுத்துப் பேசுங்கள், இரவிலும் எடுக்கலாம்.