அண்ணன் தம்பி நிறுவனம்: பேசிவைத்தது பிறகும் செல்லுமா?

கேள்வி: நானும் தம்பியும் ஆளுக்கு 50 சதவீதப் பங்குடன் ஒரு பிரைவேட் லிமிடெட் நிறுவனம் நடத்துகிறோம். பங்குதாரர்களும் இயக்குநர்களும் நாங்கள் இருவர்தான். ஒருவர் பங்கு மற்றவருக்குத் தெரியாமல் வெளியே போகக் கூடாது என்று பேசிவைத்திருக்கிறோம். என் மனைவியை நாமினியாகப் பதிந்துள்ளேன். தந்தை இல்லை, தாயார் இருக்கிறார். வேறு உடன்பிறந்தார் இல்லை. எனக்கு ஒரு மகன், ஒரு மகள். இந்த ஏற்பாடு போதுமா?

பதில்: போதாது. பங்குகள் உங்கள் சொந்தச் சம்பாத்தியம், உங்களுக்கு இந்து வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும் என்று கொண்டு எழுதுகிறேன்.

நாமினி என்பவர் பங்குகளை நிறுவனத்திடமிருந்து பெற்றுக்கொள்பவரே தவிர, அவற்றுக்கு முழு உரிமையாளர் அல்லர் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சக்தி யெஸ்தானி வழக்கில் தெளிவுபடுத்திவிட்டது. ஆகவே, உயில் எழுதாமல் நீங்கள் காலமானால் உங்கள் 50 சதவீதம் தாயார், மனைவி, மகன், மகள் ஆகிய நால்வருக்கும் தலைக்கு 12.5 வீதம் பிரியும். பலரும் கவனிக்கத் தவறுவது அதற்கு அடுத்த கட்டத்தைத்தான். தாயாரும் பின்னர் உயிலின்றி மறைந்தால் அவருடைய 12.5-இல் பாதி உங்கள் பிள்ளைகளுக்கும் மறுபாதி தம்பிக்கும் போகும்; தம்பியின் கை 56.25 சதவீதமாக ஓங்கிவிடும். யாரும் யாரையும் ஏமாற்றாமலேயே நிர்வாகம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறது.

வாய்மொழி ஒப்பந்தத்தின் கதி என்ன என்பதற்கு 1991-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்த ரங்கராஜ் வழக்கே சான்று. இரண்டு சகோதரர்கள் ஆளுக்கு 25 பங்குகள் வைத்திருந்தார்கள். விற்பதானால் அவரவர் கிளையினருக்கே முதலில் தர வேண்டும் என்று பேச்சு. அடுத்த தலைமுறையில் ஒருவர் மற்றக் கிளையினருக்கு விற்றபோது, நிறுவனத்தின் செயல்முறை விதிகளில் (நிறுவனத்தை எப்படி நடத்துவது என்று சொல்லும் ஆவணம், Articles of Association) இடம்பெறாத அந்தக் கட்டுப்பாடு செல்லாது என்று தீர்ப்பாயிற்று. எனவே உங்கள் பேச்சைச் சிறப்புத் தீர்மானத்தின் (முக்கால் பங்கு வாக்கு ஆதரவு தேவைப்படும் தீர்மானம்) மூலம் விதிகளில் ஏற்றுங்கள். இருவரும் ஒருமனதாக இருக்கும் இன்று அது எளிது. பங்கை முதலில் யாருக்குத் தர வேண்டும், எத்தனை நாளுக்குள், விலையை எந்த முறையில் யார் மதிப்பிடுவது என்பவையும் அதில் இருக்க வேண்டும். விலை பற்றிய பிரிவு இல்லாத முன்னுரிமைதான், என் அனுபவத்தில், வழக்குக்கு முதல் விதை.

விதிகளோடு உயிலும் வேண்டும். அதைப் பதிவு செய்வது கட்டாயமில்லை. இரண்டு சாட்சிகளின் கையொப்பம் கட்டாயம்.

இவற்றையெல்லாம்விட அவசரமானது ஒன்று உண்டு. பிரைவேட் நிறுவனத்தின் பொதுக்கூட்டத்துக்குக் குறைந்தது 2 உறுப்பினர்கள், அதாவது பங்குதாரர்கள், நேரில் வர வேண்டும். இயக்குநர் குழுவுக்கும் 2 பேர் வேண்டும். உங்களில் ஒருவர் இல்லாது போனால் மற்றவரால் தனியே எந்தக் கூட்டத்தையும் முறைப்படி நடத்த முடியாது. வாரிசின் பெயர் நிறுவனத்தின் உறுப்பினர் பதிவேட்டில் ஏறும்வரை அவருக்கும் வாக்கில்லை. ஆளுக்கு ஒரு பங்கை அவரவர் மனைவி பெயருக்கு மாற்றி, இருவரையும் இயக்குநர்களாக நியமித்தால் சமநிலையும் கெடாது, கூட்டமும் நிற்காது. இதை இந்த மாதமே முடித்துவிட்டு விதித் திருத்தத்துக்குச் செல்லுங்கள்.