கோரை எந்த இடத்தில் நிற்கிறது?

கேள்வி: திருமங்கலத்தில் வீடு கட்டி, முன்பக்கம் கொரியன் புல் பதித்தோம். ஒரு வருடத்துக்குள் தோட்டக்குழாய்ப் பக்கம் முழுக்கக் கோரை. கேட்டிலிருந்து வாசல்வரை அம்மான் பச்சரிசி. நடுவில் அங்கங்கே தொட்டாற்சிணுங்கி. வாராவாரம் பிடுங்கியும் தீரவில்லை. என்ன மருந்து அடிக்கலாம்?

பதில்: மருந்தை இப்போதைக்கு விடுங்கள். பாதி விடையை நீங்களே எழுதிவிட்டீர்கள். மூன்று களையும் கலந்து முளைக்காமல், தனித்தனியாக இடம் பிடித்திருக்கின்றன. மண் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு இடத்திலும் தண்ணீரும் நடமாட்டமும் வேறு.

முதலில் கோரை. உங்கள் பக்கம் கரிசல் பூமி. வீடு கட்டியதும் மேலே கிராவலோ செம்மண்ணோ அடித்து, மட்டம் தட்டி, புல் பதிப்பது வழக்கம். மேல்மண்ணில் சட்டென்று இறங்கும் தண்ணீர், கீழே கரிசலைத் தொட்டதும் நின்றுவிடும். மேலே காய்ந்தது போலத் தெரியும், அரை அடிக்குக் கீழே சொதசொதவென்று இருக்கும். அந்த ஈரத்தில் புல்லின் வேருக்குக் காற்று கிடைக்காது. கோரை அதைத் தாங்கிக்கொள்ளும். பிடுங்கினால் தாள்தான் கையோடு வருகிறது, கிழங்கு உள்ளேயே தங்கி மறுபடி துளிர்க்கிறது.

ஆனால் கோரையைப் பார்த்ததுமே நீர் தேங்குகிறது என்று முடிவுகட்டவும் கூடாது. வயல் மண் அடித்திருந்தால் கிழங்கு அந்த மண்ணோடு வந்திருக்கலாம். அப்போது வடிகால் நன்றாக உள்ள இடத்திலும் முளைக்கும். அதனால் சோதித்துப் பாருங்கள். கோரை உள்ள இடத்தில் ஓரடி ஆழத்துக்குக் குழி எடுத்து, தண்ணீர் நிரப்பி, வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். மணிக்கு ஓர் அங்குலமாவது இறங்கினால் வடிகால் பரவாயில்லை. மறுநாளும் தண்ணீர் நின்றால் சிக்கல் அங்கேதான். குழாய் கசிகிறதா, ஏசித் தண்ணீர் அங்கே சொட்டுகிறதா என்று பார்த்து முதலில் அதை நிறுத்துங்கள். தண்ணீர் வெளியே ஓட ஒரு சரிவு கொடுங்கள். தினமும் தண்ணீர் விடும் பழக்கம் இருந்தால் இடைவெளி விடுங்கள். அப்புறம் கோரையைக் களைக்கொத்தால் கிழங்கோடு தோண்டி எடுங்கள். சில மாதம் விடாமல் செய்ய வேண்டிய வேலை இது. எல்லாப் பச்சையையும் கொல்லும் மருந்தை அடித்தால் உங்கள் புல்தான் முதலில் போகும்.

அம்மான் பச்சரிசி வேறு கதை. கேட்டுக்கும் வாசலுக்கும் நடுவே எல்லோரும் மிதித்து மண் இறுகிவிட்டது. புல் மெலிந்து இடைவெளி விழுந்ததும் அது தரையோடு படர்ந்துவிட்டது. தண்ணீர் விட்ட மறுநாள் ஒரு திருப்புளியைக் குத்திப் பாருங்கள். கையழுத்தத்தில் இறங்காவிட்டால் மண் இறுகிவிட்டது என்று பொருள். (காய்ந்த கரிசலில் இந்தச் சோதனை செல்லாது, அது எப்போதுமே கல்தான்.) கடப்பாரையால் மூன்று நான்கு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகத் துளையிட்டு, மட்கிய எருவும் மணலும் கலந்து நிரப்புங்கள். அதைவிட முக்கியம், நடக்கும் வழியில் நாலு கல் பதித்துவிடுங்கள். மிதிபடும் இடத்தில் எந்தப் புல்லும் நிற்காது.

தொட்டாற்சிணுங்கி பயறு இனம். காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜனை) வேர் முடிச்சு வழியாக எடுத்துக்கொள்ளும். தழைச்சத்து குறைந்த மண்ணில் புல் பசித்துக் கிடக்க, இது தழைக்கும். புல் வெளிறி இருந்தால் மட்கிய தொழுவுரத்தைச் சலித்து மெல்லிசாகத் தூவுங்கள், போதும்.

களை சொல்லாத ஒன்றும் உண்டு. உப்பு எவ்வளவு, கார அமில நிலை என்ன என்பதைச் செடியை வைத்துச் சொல்ல நான் துணியமாட்டேன். போர் தண்ணீர் விடுகிறீர்களா? தரை காய்ந்ததும் வெள்ளையாகப் பூக்கிறதா? அப்படியானால் நாலைந்து இடத்தில் அரை அடி ஆழம்வரை மண் எடுத்துக் கலந்து, அதில் அரைக் கிலோவையும் ஒரு பாட்டில் போர் தண்ணீரையும் வேளாண்மைத் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். முடிவு வரும்வரை ஜிப்சம் வாங்க வேண்டாம். கார அமில நிலை 8.5-க்கு மேல் போன, சோடியம் மிகுந்த களர் மண்ணுக்குத்தான் அது மருந்து. வெறும் உவர், அதாவது உப்பு மட்டும் மிகுந்த மண் என்றால் நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி வடிக்க வேண்டும். அதற்கு ஐப்பசி மழையே கிடைக்கும், வடிகால் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்திருந்தால்.