பட்டியலில் பெயர் வந்தால் போதுமா?

கேள்வி: பல நாடுகளுக்குப் பொதுவான பண்பாட்டு மரபுகளைப் பற்றி மக்களிடம் விழிப்புணர்வு ஏற்படுத்த வேண்டும் என்கிறார்கள். நம்முடையதை அடுத்த நாட்டார் தங்களுடையது என்று சொல்லாமல் காப்பாற்றுவதே பெரும்பாடாக இருக்கிறது. முந்திக்கொண்டு யுனெஸ்கோவில் பதிவு செய்துவிட்டால் பிரச்சினை தீர்ந்துவிடாதா? ஆசிரியையான நான் மாணவர்களிடம் என்ன சொல்வது?
– ஒரு வாசகி

பதில்: தீராது. யுனெஸ்கோ ஒன்றும் பத்திரப் பதிவு அலுவலகம் நடத்தவில்லை. கலை, சமையல் போன்ற வாழும் மரபுகளைப் பேணுவதற்கான யுனெஸ்கோவின் 2003-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி ஒரு நாடு தன் கலையையோ சமையலையோ பட்டியலில் சேர்த்தால், ‘இது எங்களிடம் வழக்கில் இருக்கிறது, பேணுகிறோம்’ என்றுதான் பொருள். ‘எங்களிடம் மட்டும்’ என்றோ ‘இங்கேதான் பிறந்தது’ என்றோ அர்த்தம் கிடையாது. பட்டியலில் இடம் கிடைத்த மறுநாள் தலைப்புச் செய்தி போடுகிற பத்திரிகைகள் (எங்கள் தொழில்தான்) இதை மட்டும் சௌகரியமாக விட்டுவிடுகின்றன.

முந்திக்கொண்டவர்கள் கதையையும் பாருங்கள். 2014-இல் ஆர்மீனியா லவாஷ் ரொட்டியைப் பட்டியலில் ஏற்றியது. 2016-இல் அஜர்பைஜான், ஈரான், கஜகஸ்தான், கிர்கிஸ்தான், துருக்கி ஐந்தும் கூட்டாக லவாஷ் உள்ளிட்ட தட்டை ரொட்டி மரபை ஏற்றின. இரண்டு பதிவுகளும் இன்றும் இருக்கின்றன. முந்தியதில் யாருக்கு என்ன லாபம்?

வேறு வழியும் இருக்கிறது. வட ஆப்பிரிக்காவின் கூஸ்கூஸை எடுத்துக்கொள்ளுங்கள். அகலமான தாம்பாளத்தில் கோதுமை ரவையைக் கொட்டி, தண்ணீர் தெளித்து, உள்ளங்கையால் உருட்டி உருட்டிச் சிறு மணிகளாக்கிச் சலிப்பார்கள். குழம்பு கொதிக்கும் பாத்திரத்தின் மேலேயே துளையிட்ட தட்டை வைத்து, அந்த ஆவியில் வேகவைப்பார்கள். அல்ஜீரியாவிலும் இதேதான், மொராக்கோவிலும் இதேதான். இரு நாடுகளுக்கும் இடையிலான தரைவழி எல்லையோ 1994-லிருந்து மூடிக்கிடக்கிறது. கூஸ்கூஸ் யாருடையது என்பதிலும் சண்டைதான். கடைசியில் துனிசியாவையும் மொரிட்டானியாவையும் சேர்த்துக்கொண்டு நால்வரும் ஒரே விண்ணப்பம் போட்டார்கள். 2020-இல் பட்டியலில் ஏறியது. மறு ஆண்டே அல்ஜீரியா மொராக்கோவுடன் தூதரக உறவை முறித்துக்கொண்டது வேறு விஷயம். பண்பாடு அரசியலைச் சரிசெய்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் முறித்துக்கொண்ட பிறகும் அந்தக் கூட்டுப் பதிவு அப்படியே நிற்கிறது.

சரி, அரசுகள் கையெழுத்துப் போட்டால் போதுமா? போதாது என்பதற்குப் பிரியா விகார் கோயில் சாட்சி. கம்போடியா - தாய்லாந்து எல்லையில், மலை விளிம்பில் நிற்கும், பழைய கெமர் பேரரசின் காலத்துச் சிவன் கோயில். 1962-இல் சர்வதேச நீதிமன்றம் அது கம்போடியாவுக்கே என்று தீர்ப்பளித்தது. கோயிலின் முதன்மைப் படிக்கட்டோ தாய்லாந்துப் பக்கம் பார்த்து இறங்குகிறது! 2008-இல் கம்போடியா உலக மரபுச் சின்னமாக அறிவிக்கக் கோரியபோது தாய்லாந்து அரசு முதலில் ஆதரித்துக் கூட்டறிக்கையே வெளியிட்டது. உள்நாட்டில் எதிர்ப்பு வெடித்தது, வெளியுறவு அமைச்சர் பதவி விலகினார். 2011-இல் பீரங்கிச் சண்டையில் கோயிலே சேதப்பட்டது. இரு அரசுகளும் பேசிக்கொண்டன. இது இரு பக்கத்து மக்களின் முன்னோரும் ஏறி வந்த படிக்கட்டு என்று மக்களிடம் யார் பேசினார்கள்? நீங்கள் கேட்கும் விழிப்புணர்வுக்கு வேலை அங்கேதான் இருந்தது.

அதற்காக ‘தினம்’ கொண்டாடி, பதாகை கட்டி, உறுதிமொழி எடுப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. 1984-இல் பிரான்ஸ் எளிமையாக ஒன்று செய்தது. வழக்கமாகப் பூட்டியிருக்கும் வரலாற்றுக் கட்டடங்களை ஒரு நாள் மக்களுக்குத் திறந்துவிட்டது. 1991-இல் ஐரோப்பிய கவுன்சில் இதைப் பல நாடுகளின் நிகழ்வாக்கியது. பாரிஸில் அதிபர் மாளிகையைப் பார்க்க மணிக்கணக்கில் வரிசையில் நின்றிருக்கிறார்கள். உள்ளே போய்ப் பார்த்தவரிடம் ‘பாதுகாக்க வேண்டும்’ என்று தனியாகப் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை. ஒரு குறை: கதவைத் திறப்பவர்கள் ‘இதைக் கட்டிய கொத்தனார் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்’ என்பதை விளக்கப் பலகையில் எழுதத் தயங்குகிறார்கள். அந்த ஒரு வரி, ஆயிரம் துண்டுப் பிரசுரங்களைவிட அதிக வேலை செய்யும்.

உங்கள் மாணவர்களுக்கு வருகிறேன். 2003-இல் பெர்லினில் கூடிய பிரெஞ்சு, ஜெர்மன் இளைஞர்கள் ‘இரு நாட்டுக்கும் ஒரே வரலாற்றுப் பாடநூல் வேண்டும்’ என்று கேட்டார்கள். மூன்று பெரிய போர்களில் எதிரெதிராக நின்ற நாடுகள்! 2006-இல் முதல் தொகுதி வந்தது, இரு மொழியிலும் ஒரே உள்ளடக்கத்தோடு. உங்கள் வகுப்பில் ஏதாவது ஒரு பொது மரபை எடுத்து, அருங்காட்சியகத்தில் வைக்கும் விளக்கப் பலகை போலப் பத்து வரி எழுதச் சொல்லுங்கள். அப்புறம் அதைப் பக்கத்து நாட்டுப் பள்ளி ஒன்றுக்கு அனுப்பி, அங்குள்ள பிள்ளைகளைத் திருத்தச் சொல்லுங்கள். திரும்பி வரும் தாளில் எத்தனை சிவப்புக் கோடு இருக்கிறது என்று எங்களுக்கும் எழுதுங்கள், பிரசுரிக்கிறோம்.