நாற்பது தொப்பியில் பாதி திரும்பி வந்தது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்: பின்னல், குரோஷா வேலைகளைத் தானமாகக் கொடுப்பது

பிரசவ வார்டுக்கென்று நாற்பது குழந்தைத் தொப்பிகள் பின்னிக் கொண்டுபோனேன். பாதியை எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். காரணமும் சொல்லவில்லை. என்ன தப்பு செய்தேன்?

முதல் சந்தேகம் அளவின் மேல்தான். நிறை மாதத்தில் பிறந்த குழந்தையின் தலைச் சுற்றளவு ஏறக்குறைய 35 செ.மீ. அதற்கான தொப்பி இழுக்காத நிலையில் 30 முதல் 32 செ.மீ. இருந்தால்தான் தலையைப் பிடித்து நிற்கும். பின்னி முடித்துக் கையில் எடுத்துப் பார்க்கும்போது "இவ்வளவு சின்னதா?" என்று தோன்றும். உடனே அடுத்த தொப்பிக்கு எட்டு கண்ணி (பின்னலின் ஒவ்வொரு சுருக்கும் ஒரு கண்ணி) கூட்டிவிடுவோம். அங்கேதான் கெட்டது. தளர்ந்த தொப்பி கண்ணை மறைத்து மூக்குக்கு இறங்கும் என்பதால் செவிலியர்கள் அதைத் தொடவே மாட்டார்கள். குறைமாதக் குழந்தைகளுக்கு 20 முதல் 28 செ.மீ. வரை பல அளவுகள் தேவைப்படும். ஆனால் அந்த அளவுகளில் பின்னிக் கொடுப்பவர்கள் குறைவு.

அடுத்தது அலங்காரம். உச்சியில் நூல் குஞ்சம், பித்தான், மணி, ரிப்பன் முடிச்சு என்று பிய்ந்து வரக்கூடிய எதுவும் ஆகாது. தாடையில் கட்டும் கயிறு கூடவே கூடாது. தொப்பியை உள்புறம் திருப்பிப் பாருங்கள். இரண்டு நிறம் மாற்றிப் பின்னியதில் பின்னால் நீளமாக ஓடும் நூல் இருக்கிறதா? தொப்பியில் அது தொல்லை, கையுறையிலும் காலுறையிலும் ஆபத்து. ஒரே ஒரு இழை பிஞ்சு விரலைச் சுற்றி இறுக்கினால் ரத்த ஓட்டம் நின்றுவிடும்.

நூலும் காரணமாக இருக்கலாம். சாதாரணக் கம்பளியை ஆஸ்பத்திரி சலவையின் வெந்நீரில் போட்டால் ஒரே துவைப்பில் சுருங்கித் தடித்து, பொம்மைக்குக்கூட ஆகாமல் போகும். இனிமேல் ஊசியை எடுக்கும் முன் வார்டில் ஐந்து கேள்வி கேளுங்கள்: எந்த அளவு, எந்த நூல், எத்தனை, எப்படித் துவைப்பார்கள், எந்த நிறம் வேண்டாம். திரும்பி வந்த இருபதும் வீணில்லை. குஞ்சத்தைப் பிரித்து எடுத்துவிட்டு, பெரிய குழந்தைகள் உள்ள விடுதி எதற்காவது கேட்டுக் கொடுக்கலாம்.

லேபிள் இல்லாத பழைய நூல் பந்துகள் ஒரு பை நிறைய இருக்கின்றன. பருத்தியா, கம்பளியா, அக்ரிலிக்கா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எரித்துப் பார்ப்பதுதான் வீட்டில் செய்யக்கூடிய நம்பகமான வழி. பத்து செ.மீ. துண்டை இடுக்கியால் பிடித்து, தண்ணீர் தொட்டிக்கு மேல் வைத்துத் தீக்குச்சியைக் காட்டுங்கள். விரலால் பிடிக்க வேண்டாம்.

பருத்தி சட்டென்று பற்றும், காகிதம் எரியும் வாசனை வரும், சுடரை விட்டு எடுத்த பிறகும் நுனியில் கனல் ஓடும், மிஞ்சுவது மெல்லிய சாம்பல். கம்பளி தயங்கித் தயங்கி எரிந்து தானே அணையும். முடி பொசுங்கும் நாற்றம் அடிக்கும், நுனியிலுள்ள கறுப்பு உருண்டையை நசுக்கினால் பொடியாகும். அக்ரிலிக் உருகிச் சுருண்டு, கரும்புகை விட்டு எரியும். ஆறியபின் நுனியில் கெட்டியான மணி நிற்கும், நசுக்கினாலும் உடையாது. உருகும் சொட்டு தோலில் விழுந்தால் ஒட்டிக்கொண்டு சுடும். தொட்டிக்கு மேல் செய்யச் சொன்னது அதற்காகத்தான். கலப்பு நூலில் இரண்டு அடையாளமும் சேர்ந்து வரும்.

இன்னும் இரண்டு சோதனை பாக்கி. நூலை இரு கையாலும் வெடுக்கென்று இழுங்கள். அறுந்தால் நூல் நைந்துவிட்டது, அதில் உழைப்பைப் போடாதீர்கள். பிறகு நனைத்து வெள்ளைத் துணியில் பத்து நிமிடம் சுருட்டி வையுங்கள். துணியில் நிறம் ஒட்டினால் அந்த நூல் சாயம் போகும். சிவப்பும் கருநீலமும் பெரும்பாலும் இங்கே மாட்டிக்கொள்ளும்.

சந்தேகம் தீராத நூல் குழந்தைக்கும் நோயாளிக்கும் வேண்டாம். விலங்குக் காப்பகத்துக்கு விரிப்பாகப் பின்னலாம். அங்கே நிறப் பொருத்தத்தை யாரும் பார்க்கப் போவதில்லை. நகம் மாட்டாதபடி நெருக்கமாக மட்டும் பின்னுங்கள்.

குரோஷா தொப்பி ஆரம்பத்தில் தட்டு மாதிரி நன்றாக வருகிறது. போகப் போக ஓரம் அலை அலையாக மடிகிறது. இன்னொருவருக்கு இதே மாதிரியில் கூம்பாக வருகிறது. ஏன்?

கண்ணி கூட்டும் கணக்கு. அதிகம் கூட்டினால் அலையாகும், குறைவாகக் கூட்டினால் கூம்பாகும். சிங்கிள் குரோஷாவில் (குட்டைக் கண்ணி, அமெரிக்கப் பெயர்) 6 கண்ணியில் தொடங்கி ஒவ்வொரு சுற்றிலும் ஆறு கூட்ட வேண்டும்: 12, 18, 24. டபுள் குரோஷாவில் (உயரமான கண்ணி, இதுவும் அமெரிக்கப் பெயர்) 12இல் தொடங்கிப் பன்னிரண்டு பன்னிரண்டாக: 24, 36, 48.

உங்கள் இருவர் விஷயத்தில் வேறொன்றும் நடந்திருக்கலாம். அமெரிக்கக் குறிப்பில் சிங்கிள் என்று சொல்வதைத்தான் பிரிட்டிஷ் குறிப்பில் டபுள் என்கிறார்கள். ஒரே குறிப்பை இருவரும் இரண்டு விதமாகப் படித்தால் இரண்டு தொப்பிதான் வரும். சுலப அடையாளம்: குறிப்பில் எங்காவது "சிங்கிள் குரோஷா" என்ற சொல் இருந்தால் அது அமெரிக்க முறை. பிரிட்டிஷ் முறையில் அந்தப் பெயரே கிடையாது.

கூட்டுவதை எப்போது நிறுத்துவது? தொப்பியின் சுற்றளவை 3.14ஆல் வகுங்கள். பெரியவர் தலை 56 செ.மீ. என்றால் தொப்பி 52. வகுத்தால் சுமார் பதினாறரை. உச்சி வட்டத்தின் குறுக்களவு அதைத் தொட்டதும் நிறுத்திவிட்டு நேராக இறங்குங்கள். அளக்கும்போது தட்டையாக வைத்து அளங்கள், இழுத்துப் பிடித்து அல்ல.

கீமோதெரபி எடுப்பவர்களுக்குத் தொப்பி பின்ன விருப்பம். கம்பளி சூடாக இருக்கும் என்பதால் அதையே எடுக்கலாமா?

வேண்டாம். முடி கொட்டிய தலைத்தோல் புண் போல நோகும். கம்பளி குத்தும், மொஹேரும் (ஆட்டு மயிர் நூல்) அங்கோராவும் (முயல் மயிர் நூல்) இழை உதிர்க்கும். மென்மையான பருத்தி, அல்லது பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்த நூல் நல்லது. வாங்கும் முன் நூலை மணிக்கட்டின் உள்பக்கமோ தாடைக்குக் கீழோ கொஞ்ச நேரம் தேய்த்துப் பாருங்கள். அங்கே உறுத்தினால் தலையில் நிச்சயம் உறுத்தும்.

தையல் இல்லாமல் வட்டமாகப் பின்னுவது உத்தமம். தையல் வந்தே ஆக வேண்டுமென்றால் அதை வெளிப்பக்கம் வையுங்கள். வலைப் பின்னல் வேண்டாம், ஓட்டை வழியே தலை தெரிவதைத்தான் அவர்கள் மறைக்க நினைக்கிறார்கள். முடி இல்லாத தலையில் தொப்பி வழுக்கும் என்பதால் ஓரத்தில் நான்கு செ.மீ. ரிப் (இழுத்தால் விரிந்து சுருங்கும் வரிப் பின்னல்) கொடுங்கள். உச்சியிலிருந்து ஓரம் வரை 20 முதல் 22 செ.மீ. இருந்தால் காதும் பிடரியும் மறையும். ஆண்களையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்: கருநீலம், சாம்பல், பழுப்பில் பூ இல்லாத தொப்பி. இளஞ்சிவப்பில்தான் குவிகிறது.

எங்கள் குழு மூன்று மாதம் சேர்த்து வைத்துத்தான் அனுப்பும். பூச்சி அரிக்காமல் இருக்க அந்துருண்டை போட்டு வைக்கிறோம். சரிதானே?

இல்லை. இன்றே எடுத்துவிடுங்கள். வெறும் நாற்றம் பற்றிய பேச்சில்லை இது. நாப்தலீன் உருண்டையின் ஆவி துணியில் ஏறித் தங்கும். ஜி6பிடி என்ற நொதி பிறவியிலேயே குறைவாக உள்ள குழந்தைகளுக்கு இந்த ஆவியால் ரத்தச் சிவப்பணுக்கள் சிதையும். மஞ்சள் காமாலை கடுமையாக ஏறும். குழந்தைக்கு அந்தக் குறை இருப்பது பெற்றோருக்கே பல சமயம் தெரியாது. ஏற்கெனவே உருண்டையோடு கிடந்தவற்றைக் குழந்தைகளுக்கு அனுப்பாதீர்கள், ஒருமுறை அலசினால் போய்விடும் என்று நம்பவும் வேண்டாம்.

பூச்சி அரிப்பது கம்பளியை, மயிரிழையை. சுத்தமான பருத்தியும் அக்ரிலிக்கும் அதற்கு உணவே இல்லை, வியர்வையும் கறையும் இருந்தால்தான் வந்து கடிக்கும். ஆக, துவைத்து, முழுக்கக் காயவைத்து, மூடிய பையில் வைத்தாலே போதும். முழுக்க என்பதை அழுத்திச் சொல்கிறோம்: மேலே காய்ந்து மடிப்புக்குள் ஈரம் இருந்தால் பையைத் திறக்கும்போது பூஞ்சைப் புள்ளி இருக்கும். தடித்த போர்வை காய இரண்டு நாள்கூட ஆகும். கொடியில் தொங்கவிட்டால் ஈரத்தின் கனத்தில் நீண்டுவிடும், தட்டையாக விரித்துக் காயவையுங்கள்.

கம்பளிப் பொருள்களைப் பையில் காற்றை அழுத்தி வெளியேற்றிக் கட்டி, மைனஸ் 18 டிகிரி உறைபெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காதீர்கள். குளிர் முழுக்க விலகட்டும், இல்லாவிட்டால் காற்றின் ஈரம் நூலில் வேர்த்துவிடும். வாசனைப் பை, பெர்ஃப்யூம் எதுவும் வேண்டாம், குமட்டலில் இருப்பவருக்கு மல்லிகையும் வேதனைதான்.

பத்துப் பேர் சேர்ந்து சதுரங்கள் பின்னி ஒரு போர்வையாக இணைக்கிறோம். எல்லாருக்கும் 36 கண்ணி என்றுதான் சொன்னோம். ஒன்றும் பொருந்தவில்லை.

கண்ணி எண்ணிக்கையைச் சொன்னதுதான் பிழை. பத்து செ.மீ.க்கு 20 கண்ணி வரும் கையில் 36 கண்ணி 18 செ.மீ. இறுக்கிப் பின்னி 22 கண்ணி வரும் கையில் அதே 36, பதினாறு செ.மீ. சொச்சம். அளவைச் சொல்லுங்கள், கண்ணியை அவரவர் கை தீர்மானிக்கட்டும். அமெரிக்காவில் 1991இல் தொடங்கிய 'வார்ம் அப் அமெரிக்கா' இயக்கம் 7 அங்குலத்துக்கு 9 அங்குலம் என்ற ஒரே அளவை வைத்திருக்கிறது. ஏழு வரிசை, வரிசைக்கு ஏழு என 49 துண்டு சேர்த்தால் 49க்கு 63 அங்குலப் போர்வை.

இப்போது கையில் இருப்பவற்றைக் காப்பாற்றலாம். சிறிய சதுரங்களைச் சுற்றி ஒன்றோ இரண்டோ சுற்று சிங்கிள் குரோஷா போட்டு அளவுக்குக் கொண்டுவாருங்கள். பெரியவற்றைப் பிரித்துத்தான் ஆக வேண்டும், இழுத்துத் தைத்தால் நடுவில் புடைக்கும். அக்ரிலிக்கைச் சூடான இஸ்திரியால் அழுத்திச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். நூல் துவண்டு செத்துப்போகும், மீளாது. அக்ரிலிக் சதுரங்களுக்கு நடுவே ஒரு கம்பளிச் சதுரம் நுழைந்துவிட்டால் முதல் துவைப்பில் அது மட்டும் சுருங்கி முழுப் போர்வையையும் கோணலாக்கும்.

குறைமாதக் குழந்தைகளுக்கு ஆக்டோபஸ் பொம்மை பின்னலாமா?

டென்மார்க்கில் 2013இல் தொடங்கியது. சுருண்ட கைகள் தொப்புள்கொடி போல இருப்பதால் குழந்தை குழாய்களை இழுக்காமல் அதைப் பிடித்துக்கொள்ளும் என்பது யோசனை. எல்லா வார்டும் ஏற்பதில்லை, கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். முழுப் பருத்தி நூல், புதிய பாலியஸ்டர் பஞ்சு, 60 டிகிரி சலவையைத் தாங்க வேண்டும். கையை நீட்டி இழுத்தாலும் 22 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது. 2.5 மி.மீ. ஊசி எடுத்தால் பஞ்சு வெளியே தெரியாத நெருக்கம் வரும். கண் எம்பிராய்டரிதான், பிளாஸ்டிக் கண் வேண்டாம்.

பெங்குவின்களுக்கு ஸ்வெட்டர் இன்னும் வாங்கிக்கொள்கிறார்களா?

ஆஸ்திரேலியாவின் ஃபிலிப் தீவில் 2001 எண்ணெய்க் கசிவில் 438 சிறு பெங்குவின்கள் சிக்கின. அலகால் எண்ணெயைக் கோதி விழுங்காமலிருக்கத்தான் அந்த ஸ்வெட்டர். உலகமே பின்னி அனுப்பியதில் தேவைக்கு மேல் சேர்ந்து, மீந்தவை பொம்மைப் பெங்குவின்களுக்குப் போட்டு விற்கப்பட்டன. அந்த நூலில் தொப்பி பின்னுங்கள்.

அனுப்பும்போது கூட என்ன எழுதி வைக்க வேண்டும்?

நூல் வகை, துவைக்கும் முறை, அளவு. மூன்றே வரி, ஒவ்வொரு பொருளிலும் தனித்தனியாக. ஒரே அளவு உள்ளவற்றை ஒரே பையில் போட்டு எண்ணிக்கையை மேலே எழுதுங்கள், பிரித்து அடுக்குபவருக்கு அரை நாள் மிச்சம். சீட்டை நூலால் கட்டுங்கள். குண்டூசியோ ஊக்கோ குத்தாதீர்கள்.